கொழும்புக்கு அலுவலில்லாமல் போவது

கேள்வி

"நான் முள்ளியவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இவர் வயல் செய்கிறார். இந்தப் பங்குனியோடு எங்களுக்குக் கலியாணமாகி 20 வருடம். கனடாவில் இருக்கிற அக்கா 60,000 ரூபா அனுப்பி, 'ரெண்டு பேரும் கொழும்பில ரெண்டு நாள் நிண்டு சுத்திப் பாருங்கோ, ஒரு நேரமெண்டாலும் நல்ல பெரிய இடத்தில இருந்து சாப்பிடுங்கோ' என்று சொல்லிவிட்டா. நான் கொழும்புக்குப் போகாதவள் இல்லை. ஆனால் போனதெல்லாம் கடவுச்சீட்டு, தூதரகம், மஹரகம ஆஸ்பத்திரி. சும்மா பார்க்கவென்று போனதில்லை. பேர்போன நண்டுக் கடைக்குத்தான் போகவேணும் என்று அக்கா நிற்கிறா. இவரோ, 'நந்திக்கடல் நண்டைத் திண்டு வளந்தவன், கொழும்பில காசு குடுத்து நண்டு தின்ன எனக்கென்ன விசரே?' என்கிறார். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். மாட்டிறைச்சி இரண்டு பேரும் தொடுவதில்லை. கத்தி, முள்ளுக்கரண்டி பிடித்துச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. எங்கே போவது, என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது? போன இடத்தில் வெட்கப்படாமல் வரவும் வேணும்."

பதில்

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் அந்த நண்டுக் கதையைத் தீர்த்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அக்கா சொல்வது கோட்டையில், பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்துக்குள் இருக்கும் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் ஆகத்தான் இருக்கவேண்டும். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 2011இல் தொடங்கிய இடம். அங்கே நண்டை நிறுத்து, அளவுக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள்; அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகும். நந்திக்கடலில் நண்டு பிடிபடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட நண்டு முல்லைத்தீவில் எத்தனை வீட்டுச் சட்டிக்குள் இறங்குகிறது? கரையில் வைத்தே நிறுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெரிய களப்பு நண்டு இந்த நாட்டில் ஏற்றுமதிச் சரக்கு. சிங்கப்பூரில் பேர் எடுத்த மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டைத்தான் தேடி வாங்குகிறார்கள். அப்படி வெளியே போகிற நண்டை நாட்டுக்குள்ளேயே வைத்துப் பரிமாறுவதுதான் அந்தக் கடையின் யோசனை. ஆகவே அவர் தின்று வளர்ந்ததும் அங்கே தட்டில் வருவதும் ஒன்றென்று சொல்ல முடியாது. இது அக்காவின் பக்க நியாயம்.

என்றாலும் இந்த முறை அங்கே போகும்படி நான் சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கு ஒரு நடுத்தர நண்டும் பக்கத்துக்கு ஏதாவதும் எடுத்தால் அக்காவின் காசில் பாதி அந்த ஒரு மேசையிலேயே போய்விடலாம். ஒவ்வொரு காலையும் உடைக்கும்போது அது எத்தனை மூடை நெல்லின் விலை என்று அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, நண்டு என்பது குனிந்தபடி சாப்பிடுகிற சாப்பாடு. ஓட்டை உடைத்து, சதையைக் கிண்டி, விரலைத் துடைத்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காது. 20 வருடக் கொண்டாட்டத்துக்கு அது வேண்டாம்.

நான் கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் பரிமாறும் பகுதியில் நெடுங்காலம் நின்றவன். இப்போது வவுனியாவிலிருந்து பயணங்கள் ஒழுங்குசெய்து கொடுக்கிறேன். இங்கிருந்து போகும் எங்கள் சனத்திடம் நான் காணும் ஒரு பழக்கம்: பெரிய இடத்தில் சாப்பாடு என்றாலே பஃபேதான். காசு குடுத்தால் வேண்டியமட்டும் சாப்பிடலாம், மெனு வாசிக்கத் தேவையில்லை, பரிமாறுபவரோடு இங்கிலீஷில் கதைக்கத் தேவையில்லை. விளங்குகிறது. ஆனால் பஃபேயில் நடப்பது என்ன? அவர் சோற்று வரிசையில் நிற்பார், நீங்கள் இனிப்பு மேசையில் நிற்பீர்கள். ஒருவர் வந்து இருக்க மற்றவர் எழும்புவார். குடுத்த காசுக்குச் சாப்பிடவேணும் என்று இரண்டு பேரும் வயிற்றை நிரப்பிக்கொண்டு, பிற்பகல் முழுவதும் நடக்கமாட்டாமல் அறையில் கிடப்பீர்கள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒருவர் கொண்டுவந்து வைப்பார், அது முடியும்வரை இருவரும் இருந்த இடத்தில் இருப்பீர்கள். இந்தப் பயணத்துக்கு அந்த மாதிரிச் சாப்பாடுதான் பொருந்தும். அதை இராச்சாப்பாடாக வைக்காமல் மத்தியானத்துக்கு வையுங்கள். மத்தியானத்தில் சமையலறை அவ்வளவு அந்தரப்படாது, பரிமாறுபவருக்கும் உங்களோடு நின்று கதைக்க நேரம் இருக்கும். சில இடங்களில் மத்தியானத்துக்கென்று விலை குறைந்த தனி மெனுவும் உண்டு.

இன்னொன்று. உங்கள் குசினிக்குள் வராததைச் சாப்பிடுங்கள். மண்சட்டிக் கறி, குத்தரிசிச் சோறு, வாழையிலை, ஓலைக் குடிசை என்று கிராமத்துச் சாப்பாட்டை அலங்காரம் செய்து விற்கும் இடங்கள் கொழும்பில் இருக்கின்றன. வெளிநாட்டாருக்கும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அவை நல்லவை. முள்ளியவளையிலிருந்து போய் அதற்குக் காசு கட்டினால் உங்கள் வீட்டுக்காரர் என்னைத்தான் பேசுவார்.

நான் சொல்லும் இடம் கொள்ளுப்பிட்டியில், அல்பிரட் ஹவுஸ் வீதியில் இருக்கும் கலரி கஃபே. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த கட்டடம் அது. கோட்டேயில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடத்தை வரைந்தவர் அவர். பேரை வாவிக்குள் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாலக என்ற பௌத்த தலமும் அவருடையதே. அந்தப் பழைய அலுவலகம் 1998இலிருந்து உணவகமாக நடக்கிறது. வீதியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போகப் போக ஒரு முற்றம், அதற்கப்பால் இன்னொரு முற்றம், தண்ணீர், மரம், சுவரில் ஓவியங்கள். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். பாதி திறந்த வெளி என்பதால் பெரிய ஹோட்டலின் பளிங்கு மண்டபத்தில் வருகிற கூச்சம் அங்கே வராது. மெனுவில் எங்கள் நாட்டுக் கறிகளும் இருக்கும், மேல்நாட்டுச் சமையலும் இருக்கும். அங்கே பலரும் தேடிப் போவது கறுப்புப் பன்றிக் கறிக்கு. பன்றி வேண்டாமென்றால் மீனுக்கோ கோழிக்கோ போங்கள். எதை விட்டாலும் கடைசி இனிப்பை விடாதீர்கள், கேக் வகைக்கு அந்த இடம் பேர்போனது. ஒன்றை எடுத்து இரண்டு கரண்டி கேளுங்கள். ஒருவரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

மாட்டிறைச்சி விஷயத்தில் ஒரு சமையலறை இரகசியம் சொல்கிறேன். மெனுவில் 'கோழி' என்றிருந்தாலும் அதன்மேல் ஊற்றும் மண்ணிறக் குழம்பு மாட்டெலும்பை அவித்து இறக்கிய சாற்றில் செய்ததாக இருக்கலாம். மேல்நாட்டுச் சமையலில் அது வழமை, ஒளிப்பு ஒன்றுமில்லை. சூப்பும் அப்படித்தான். மூஸ், பன்னாகொட்டா போன்ற குளிர் இனிப்புகளில் ஜெலற்றின் இருக்கலாம். அதுவும் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடும். ஆகவே உணவைச் சொல்லும்போது 'மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம், சாறும் வேண்டாம்' என்று ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள். பரிமாறுபவர் சமையலறைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருவார். அது அவருடைய வேலை, நீங்கள் கொடுக்கும் தொந்தரவு என்று நினைக்கவேண்டாம்.

கத்தி, முள்ளுக்கரண்டி பற்றிக் கேட்டீர்கள். சோறு கறி எடுத்தால் கையால் சாப்பிடலாம். வேட்டி சால்வையோடு வந்து கையால் சாப்பிட்டுப் போனவர்களுக்கு நான் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் பரிமாறியிருக்கிறேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. மேல்நாட்டுச் சாப்பாடென்றால் முள்ளு இடக்கையில், கத்தி வலக்கையில். மேசையில் நிறையக் கரண்டி அடுக்கியிருந்தால் வெளிப்பக்கத்தில் இருப்பதை முதலில் எடுங்கள். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு சோடியாக உள்ளே வந்துகொண்டிருப்பீர்கள். ஏதும் விழுந்தால் குனிந்து எடுக்கவேண்டாம், வேறு கொண்டுவந்து தருவார்கள். உங்கள் பாண் தட்டு இடப்பக்கம், தண்ணீர்க் கிளாஸ் வலப்பக்கம். துவாயை மடியில் விரியுங்கள். இடையில் எழும்பிப் போனால் கதிரையில் வைத்துவிட்டுப் போங்கள். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் சின்னக் கிண்ணத்தில் வந்தால் அது விரல் கழுவ.

பரிமாறுகிறவன் உண்மையில் பார்ப்பது ஒன்றைத்தான்: கத்தியும் முள்ளும் தட்டில் எப்படிக் கிடக்கின்றன என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக வைத்தால் 'முடிந்தது, எடுங்கோ' என்று அர்த்தம். விலக்கி வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள். இது தெரியாமல் பாதித் தட்டைப் பறிகொடுத்த ஆட்கள் நிறைய.

இருந்தவுடன் தண்ணீர் கேட்பார்கள். 'ஸ்டில்' என்றால் சாதாரணத் தண்ணீர், 'ஸ்பார்க்ளிங்' என்றால் வாயு நிரப்பியது. இரண்டும் போத்தலில் வரும், இரண்டுக்கும் காசு. மெனு ஆங்கிலத்தில் இருக்கும். இப்போது அநேகமான இடங்களின் மெனுவைக் கைபேசியிலேயே பார்க்கலாம். வீட்டில் இருந்து ஆறுதலாக வாசித்து, இரண்டு பேருக்கும் என்னவென்று முடிவுசெய்துகொண்டு போங்கள். கொழும்பு உணவகங்களில் மலையகப் பிள்ளைகளும் எங்கள் பக்கப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். தமிழ் கதைக்கிற ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்களைக் கண்டால் அவர்களுக்குத்தான் கூடச் சந்தோஷம்.

உடுப்புக்குச் சேலையை மிஞ்ச ஒன்றுமில்லை, பருத்திச் சேலையே போதும். அவருக்கு நீளக் காற்சட்டை, சேட், சப்பாத்து. ரப்பர்ச் செருப்பு மட்டும் வேண்டாம்.

இனி பில். மெனுவில் இருக்கும் விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளோ, சின்ன எழுத்தில் 'வரிகள் தவிர்ந்த விலை' என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு இப்படி வரும்: 10,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 11,000. அதன்மேல் 18 சதவீதம் வற் சேர்ந்தால் 12,980. சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்த்தால் 13,000ஐத் தாண்டும். இது தெரியாமல் போனவர்கள் பில்லைப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து முகம் சுருங்கியதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். நீங்கள் அந்த ஒரு வேளைக்கு 20,000 ரூபா ஒதுக்குவதென்றால், மெனுவில் 15,000க்குள் நிற்கும்படி தெரிவுசெய்யுங்கள். சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பகிரப்படுவது. அதற்குமேல் ரிப்ஸ் வைக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மனம் நிறைந்தால் சின்னதாக ஒன்று வைக்கலாம். 'சந்தை விலை' என்று எழுதியிருக்கும் மீன், இறால், சிங்கி இறால் எதையும் விலை கேட்காமல் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டைச் சனிக்கிழமை மத்தியானத்தில் நட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும். வெள்ளிக்கிழமை ஒரு லீவு போடுங்கள். அரிவு வெட்டு முடிந்த கையோடு போனால் அவருக்கும் மனம் வயலில் நிற்காது; சிறுபோகத்துக்கு இன்னும் நாள் இருக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய வாரத்துக்கு மட்டும் தள்ளிப்போடவேண்டாம், கொழும்பே ஊருக்குப் போய்விடும், பாதிக் கடை பூட்டு. போயா விழாத வார இறுதியாகவும் பாருங்கள்.

மாங்குளத்திலோ வவுனியாவிலோ ரயில் ஏறுங்கள். ஆசனத்தை முன்பதிவு செய்யுங்கள். நேர அட்டவணை மாறிக்கொண்டிருப்பதால் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பஸ்ஸில் இரவோடிரவாகப் போய் விடிய இறங்கும் பழக்கத்தை இந்த முறை விடுங்கள். அது தூதரக வரிசையில் நிற்கப் போகிறவர்களின் பயணம்.

தங்குவதற்குப் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல் அறை எடுங்கள். வெள்ளவத்தையில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், வன்னியில் யாருக்குத்தான் இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீடு கோபிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு நாளும் மாடிப்படி ஏறி இறங்கியே முடிந்துவிடும். திரும்பி வந்த பிறகு தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளி பிற்பகல் அறையில் பையை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடலுக்குப் போங்கள். அங்கே ஆளுநர் ஹென்றி வார்ட் நட்டுவித்த ஒரு கல் இருக்கிறது. 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களுக்கு அதில் சிபாரிசு செய்திருக்கிறார். தேடிப் பார்த்து வாசியுங்கள். இறால் வடைக் கடைகள் வரிசையாக நிற்கும்; வெள்ளிக்கிழமை என்பதால் அது அவருக்கு மட்டும், உங்களுக்கு மாங்காயும் உப்புத் தூளும். திடலின் தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய கோல் பேஸ் ஹோட்டல். அங்கே தங்க எங்களுக்கு வசதி வராது. ஆனால் கடலைப் பார்த்த முற்றத்தில் இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம். வெளியே குடிக்கும் தேநீரைவிடப் பல மடங்கு விலைதான். பொழுது படுகிற நேரம் அந்தக் கதிரையில் முக்கால் மணித்தியாலம் இருக்க விடுவார்களே, அதற்காகக் கொடுக்கலாம். நாளைய மத்தியானத்துக்கு அது நல்ல ஒத்திகையும் கூட.

இரவு பம்பலப்பிட்டியில் கிரீன்லாண்ட்ஸ், வெள்ளவத்தையில் சண்முகாஸ் போன்ற சைவக் கடை ஒன்றில் தோசை. பெரிய ஹோட்டலில் சைவம் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் சட்டியும் கரண்டியும் வேறு வேறாக இருக்குமென்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். விரத நாளில் சைவக் கடைதான் மனதுக்கு ஆறுதல்.

சனி காலை 9 மணிக்குத் தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஓடி ஓடிப் பார்த்தவர்கள்தான். நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கவேண்டாம். மூன்று பொருளுக்கு முன் நில்லுங்கள். முதலாவது, காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் ஷெங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் இருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீக மொழியில் இஸ்லாத்துக்கும் என்று மூன்று பக்கத்துக்கும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் என்று பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். சீனத்திலிருந்து வந்தவன் இந்தத் தீவின் தென்முனையில் தமிழில் கல் வைத்தான் என்பதைத் திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது, பொலநறுவைச் சிவாலயத்திலிருந்து வந்த நடராசர் வெண்கலம். மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது, 1934இல்தான் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த 1803இல் கண்டியில் ஆண்டுகொண்டிருந்தவனும் அவன்தான். இவரையும் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். ஊர்க் கதை என்றவுடன் கால் நோவு மறந்துவிடும்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து விகாரமகாதேவிப் பூங்காவின் நிழலில் இருந்துவிட்டு, ஒரு ஓட்டோ பிடித்து பன்னிரண்டரைக்கு மேசைக்குப் போங்கள். ஓட்டோவுக்குப் பிக்மீ செயலியைப் பாவியுங்கள், விலை பேசத் தேவையில்லை. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லைத்தானே.

கலரி கஃபேயில் மேசை கிடைக்கவில்லையென்றால், அல்லது அவர் 'உந்த இடமெல்லாம் எனக்குச் சரிவராது' என்று கடைசி நேரத்தில் முரண்டு பிடித்தால், இன்னொரு வழி இருக்கிறது. தும்முல்லைச் சந்திக்குப் பக்கத்தில், றீட் அவெனியூவில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் கட்டடம். 1908இல் தொடங்கிய சங்கம். அங்கிருக்கும் சிற்றுண்டிச்சாலையில் லம்பிரைஸ் கிடைக்கும். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், இறால் பொடி, ஒரு உருண்டைக் கட்லட், எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து போறணையில் சுட்டெடுப்பது. பொதியை அவிழ்க்கும்போது வருகிற வாசனையை எங்கள் கட்டுச்சாதத்தோடு மட்டும்தான் ஒப்பிடலாம். பழைய முறைப்படி செய்தால் கறியில் மாடும் பன்றியும் கலந்திருக்கும். கோழி லம்பிரைஸ் என்று கேளுங்கள், கட்லட்டில் என்ன இறைச்சி என்றும் கேளுங்கள். ஆடம்பரம் இல்லை, செலவும் அதிகமில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வீட்டுச் சமையலை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். நிறைய வன்னிக்காரர் அந்தச் சந்தியால் போய் வந்திருப்பார்கள், உள்ளே போயிருக்கமாட்டார்கள்.

பிற்பகல் படுத்து எழும்புங்கள். அதற்கு மேல் ஒன்றும் திட்டமிட வேண்டாம். பின்னேரம் உசார் இருந்தால் தாமரைக் கோபுரம்; 350 மீற்றர் உயரம், 2022 புரட்டாதியில்தான் மக்களுக்குத் திறந்தார்கள். ஐந்து மணிக்கு ஏறினால் வெளிச்சத்திலும் பார்க்கலாம், விளக்குப் போட்ட பிறகும் பார்க்கலாம். வார இறுதியில் வரிசை நீளம். வரிசை என்றாலே உங்களுக்குக் கொழும்பு அலுத்திருக்கும் என்றால் அதை விட்டுவிட்டுச் சீமா மாலகவின் படியில் போய் இருங்கள். அல்லது பம்பலப்பிட்டி நிலையத்தில் தெற்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறி, கல்கிசை வரை போய் வாருங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் கல்லடுக்கு மட்டும்தான். நான் கண்டவரைக்கும் கொழும்பில் செலவு குறைந்த, அலுக்காத பொழுதுபோக்கு அதுதான்.

ஞாயிறு விடியக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பிற்பாடு முழுக் கருங்கல்லில் எழுப்பினார். வெளியே துறைமுக லொறிகளின் இரைச்சல், உள்ளே கல்லின் குளிர்ச்சி. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அந்தோனியார் தேவாலயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. சைவர், பௌத்தர், முஸ்லிம் என்று எல்லாரும் மெழுகுதிரி கொளுத்துகிற இடமாக அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிறகு செட்டியார் தெருவால் புறக்கோட்டைக்கு வந்தால், 1909இல் கட்டி முடித்த சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட பள்ளிவாசல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரிய கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். நான் அந்த நாளைச் சொல்வதும் அதற்காகத்தான். கிழமை நாளில் போனால் நீங்கள் துணிக்கடைக்குள் போய்விடுவீர்கள், அவர் வெளியில் பையோடு நிற்பார். கோட்டை நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியானத்தோடு ரயில் ஏறினால் இரவு வீட்டில் படுத்து, திங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

முன்பதிவு பற்றி ஒன்று. சனிக்கிழமை மேசைக்கு முதல் வாரமே அழையுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி, திருமண நிறைவு நாள், மாட்டிறைச்சி வேண்டாம் என்ற நாலு விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முற்றத்தோரம் ஒரு மேசை கேளுங்கள், கேட்பவருக்குத்தான் கிடைக்கும். திருமண நாள் என்றால் சில இடங்களில் சின்ன கேக்கில் மெழுகுதிரி வைத்து, ஊழியர்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பாட்டு வேண்டாம் என்றும் சொல்லிவைப்பது நல்லது. தொடர்புக்கு உங்கள் கைபேசி இலக்கத்தையே கொடுங்கள். அன்று காலை உறுதிப்படுத்த அழைப்பார்கள். நூதனசாலைக்குள் நிற்கும்போது சத்தத்தை அணைத்து வைத்து அந்த அழைப்பைத் தவறவிட்டால் மேசை வேறு யாருக்காவது போய்விடும்.